கணீர் வீட்டுக் குரல்

பேருந்து நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடத்துநர்கள், ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர், கழிப்பறை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் கணீர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழை நாளில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி செத்துவிட, மாடி அறையின் சன்னலைத் திறந்து, வெறும் தொண்டையால் கடைசி நடைமேடை வரைக்கும் கேட்கிற மாதிரி வண்டி அறிவிப்புச் சொன்னார். அன்றைக்கு ஒட்டிய பெயர் அது. அவரும் அதைக் கழற்றிப் போட நினைத்ததில்லை.

அந்தக் குரலை அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். குளிர்ந்த தண்ணீர் தொடமாட்டார். காற்றடித்தால் கழுத்தில் துண்டு ஏறிவிடும். வீட்டில் கோபம் வந்தால்கூடக் கத்தமாட்டார், தொண்டை கெட்டுவிடுமாம். அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி சுகாதார அலுவலகத்தில் தடுப்பூசிப் பிரிவு நர்ஸ். அவள் குரலில் சின்ன வயதிலிருந்தே லேசான கரகரப்பு உண்டு. சத்தமும் கம்மி. அடுப்படியிலிருந்து அவள் ஏதாவது சொன்னால் கணீர் கூடத்திலிருந்து, "என்ன? கொஞ்சம் வாயத் தொறந்து சொல்லேன்" என்பார். கல்யாணம் ஆகி, மகள் கல்லூரி போகிற வயதுக்கு வந்தும் இந்த வசனம் மாறவில்லை.

அப்போதுதான் புதுக் காய்ச்சல் வந்தது. முதலில் எங்கோ தூரத்து நகரத்தில் என்றார்கள். பிறகு பக்கத்து நகரம். பிறகு ஊருக்குள் ஒரு வீட்டில், அடுத்து ஒரு தெருவில். மருந்துக்கடையில் முகக்கவசம் தீர்ந்துபோனது. தும்மினவரைப் பார்த்துக் கடை ஷட்டர் இறங்கியது. பூண்டைச் சுட்டுத் தின்றால் வராது என்று ஒருவர் சொல்ல, வெயிலில் நின்றால் கிருமி செத்துவிடும் என்று இன்னொருவர் சொல்ல, ஊரே ஒரு வாரம் பூண்டு வாசனையோடு வெயிலில் நின்றது. சுகாதார அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி ஜனங்களுக்குச் சொல்ல ஒரு ஒலிப்பதிவு வேண்டும், யார் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் அதுதான் ஒலிக்க வேண்டும் என்று முடிவானது.

"உங்க வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட்ல மைக்ல பேசறவர்தானே? கூட்டிட்டு வாங்க" என்று அதிகாரி நர்ஸிடம் சொன்னார்.

கணீருக்குத் தரையில் கால் பாவவில்லை. குரலைத்தான் பதியப் போகிறார்கள் என்று தெரிந்தும் வழவழவென்று சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். டீக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னார். டீக்கடைக்காரரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரிதான்.

ஒலிப்பதிவு அறை ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய ஒலிப்பதிவாளரும் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். கணீர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைப் படித்தார். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு." அறையே அதிர்ந்தது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "சார், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ பஸ் வரப்போற மாதிரியே இருக்கு."

மறுபடி படித்தார். மறுபடியும் பஸ் வந்தது. குரலைத் தாழ்த்திப் பார்த்தார். இப்போது யாரோ செத்துப்போன செய்தி மாதிரி இருந்தது. அதிகாரி மெதுவாக, "ஜனங்க ஏற்கெனவே மெரண்டு கெடக்காங்க. இன்னும் கொஞ்சம் சாதாரணமா..." என்று இழுத்தார். சாதாரணமாக எப்படிப் பேசுவது என்று கணீருக்குத் தெரியவில்லை. மைக்கைப் பார்த்தாலே அவர் நெஞ்சு தானாக விரிந்துவிடும்.

தண்ணீர் குடிக்க அவர் வெளியே வந்த நேரத்தில், சத்த அளவு பார்க்க யாராவது ரெண்டு வரி பேசுங்கள் என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அங்கே நின்றது நர்ஸ்தான். அவள் தாளை எடுத்து, "தனிமைப்படுத்துதல்" என்ற வார்த்தையில் நாக்கு மாட்டிக்கொள்ள, தாளைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"காய்ச்சல் வந்தவங்கள தனியா வைங்க. தனியா விட்டுடாதீங்க. கதவுக்கு வெளிய நின்னு பேசுங்க. மாஸ்க் போடுங்க, கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க. மூச்சு வாங்குச்சுன்னா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, எங்களுக்குப் போன் பண்ணுங்க. நாங்க எடுப்போம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியே இருக்கட்டும். எதையும் தொடாதீங்க" என்றார் அதிகாரி.

கையில் தண்ணீர்க் கிளாஸோடு கணீர் வாசலில் நின்றிருந்தார். முகம் சுண்டிப்போனது. முகக்கவசம் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பும்போது பேருந்தில் சன்னலைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் படிச்ச" என்றார்.

"நான் எங்கங்க படிச்சேன்? வாய்க்கு வந்தத சொன்னேன்" என்றாள் அவள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பழகினேன் என்று சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஒருத்தி ஜெயிக்கிறாள், ஆயுசெல்லாம் தொண்டையைக் கட்டிக் காத்தவன் கிளாஸோடு நிற்கிறான் என்று நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் முதல் ஊரில் எந்தப் போனை எடுத்தாலும் அவள்தான். கணீர் தன் அக்காவுக்குப் போன் செய்தால் மனைவி பேசினாள். கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால் மனைவி பேசினாள். மனைவிக்கே போன் செய்தால், முதலில் மனைவி பேசி முடித்த பிறகு மனைவி எடுத்து, "சொல்லுங்க" என்றாள். ஒரே ஆளிடம் இரண்டு தரம் பேச்சு வாங்குகிற கொடுமை இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் வாய்த்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, அம்மா வேற லெவல்ப்பா. எங்க காலேஜ்ல 'தனியா வைங்க, தனியா விட்டுடாதீங்க'ன்னு எல்லாரும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

"வார்த்தை சரியா இருந்தா யாரு சொன்னாலும் கேப்பாங்க" என்றார் கணீர்.

"இல்லப்பா, அந்தக் குரல்தான். பயமே போயிடுது."

டீக்கடைக்காரர் இன்னும் மோசம். தம்ளரை நீட்டியபடியே, "என்ன கணீரு, உங்களத்தான் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், வீட்டுக்குள்ள பெரிய ஆள ஒளிச்சு வச்சிருக்கீங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணீரும் சிரித்தார். அந்த டீ கசந்தது.

நேரக்காப்பாளர் அவருக்கு நெருங்கிய நண்பர். வண்டிகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் குறிக்கிற வேலை. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறவர். ஒரு நாள் மத்தியானம் கணீரின் மாடி அறைக்கு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். "தப்பா எடுத்துக்காதப்பா. வீட்டுக்குப் போனா பேச யாருமில்ல. சில நாள் சும்மாவாவது யாருக்காச்சும் போன் போடுறேன். தங்கச்சி குரல் கேக்குது. எடுக்கறதுக்கு முன்னாடியே வச்சிடுறேன்."

தங்கச்சி என்றுதான் சொன்னார். ஆனாலும் கணீருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தன் வீட்டுச் சாமானை ஊரே எடுத்துப் புழங்குகிற மாதிரி ஒரு எரிச்சல். அது குரல்மேல் வந்த பொறாமையா, பெண்டாட்டிமேல் வந்த பொறாமையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கயிற்றில் முறுக்கேறிக் கிடந்தன.

போதாக்குறைக்கு, யார் மூலமாகவோ அவளுடைய சொந்த நம்பர் ஊருக்குள் பரவிவிட்டது. தினம் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குளித்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். துணி எடுக்கிற சாக்கில் கணீர் ஒரு நாள் பின்னாலேயே ஏறினார். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, "சொல்லுங்க... இல்ல இல்ல, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரு ஆண் குரல். என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை. நீளமாகப் பேசினான்.

கணீர் காயாத துணியையே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சாப்பிடும்போது, "யாரு, ரசிகர்களா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சாப்பாடு தட்டில் இருந்தது. இப்போதெல்லாம் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை மகள் கவனித்திருந்தாள். கணீர் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

பேருந்து நிலையத்திலும் அந்தப் பதிவைப் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததுதான் உச்சம். வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே, அவருடைய மைக்கில், அவருடைய அறையிலிருந்து, அவருடைய விரலாலேயே சுவிட்சைத் தட்டி அதை ஒலிக்கவிட வேண்டும். முதல் நாள் போட்டார். சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். நடைமேடையில் ஜனங்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஒரு பெண் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிட்டாள். அடுத்து அவர் தன் குரலில் வண்டி எண்ணைச் சொன்னபோது யாரும் தலையைத் தூக்கவில்லை. அவர் எத்தனை வருடமாகச் சொல்கிறாரோ அத்தனை வருடமாக யாரும் தூக்கியதில்லை. அவர் அதை அன்றைக்குத்தான் கண்டார்.

மறுநாள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அதற்கடுத்து இன்னும் குறைத்தார். பிறகு, பதிவு தேய்ந்துவிட்டது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அதை நிறுத்திவிட்டுத் தானே பேச ஆரம்பித்தார். "கொடிய நோய். கொலைகார நோய். எச்சரிக்கை, எச்சரிக்கை" என்றார். ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்கு அது போதவில்லை.

ஒரு நாள் முற்பகல். காய்ச்சல் அதிகமாக இருந்த நகரத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி, கணீரின் அறைக்கு நேர் கீழே, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தோளில் ஒரு பை. முகக்கவசம் போட்டிருந்தார். இருமினார். நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இருமினார்.

கணீர் சன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நேரக்காப்பாளர் இருந்தார். கூப்பிட்டு, அந்த ஆளிடம் என்னவென்று விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் அதற்குள் கை மைக்கை எடுத்துவிட்டது. எச்சரிக்கத்தானே நான் இருக்கிறேன் என்று மனது சொன்னது. அதற்கு அடியில் இன்னொரு மனது இருந்தது, அது எதுவும் சொல்லாமல் நாக்கைச் சப்புக்கொட்டியது.

"பயணிகளின் உடனடி கவனத்திற்கு. இரண்டாவது நடைமேடையில், தூணுக்கு அருகே அமர்ந்து இருமிக்கொண்டிருக்கும் பயணியிடமிருந்து அனைவரும் உடனே விலகவும். புதுக் காய்ச்சல் பரவும் அபாயம்."

பேருந்து நிலையமே தலையைத் தூக்கிப் பார்த்தது. டீக்கடையில் தம்ளர்கள் பாதி வழியில் நின்றன. ஒரு மூச்சு நேரத்துக்கு அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எல்லோரும் அவர் குரலைக் கேட்டார்கள்.

பிறகு ஓட ஆரம்பித்தார்கள். பைகள் உருண்டன. ஒரு பிள்ளை அம்மாவைத் தவறவிட்டு வீரிட்டது. ஓடாதவர்கள் ஒன்று சேர்ந்தார்கள், அதுதான் வினையாகிப் போனது. பழக்கடைக்காரர் துடைப்பக்கட்டையை எடுத்தார். யாரோ குடையின் முனையால் அந்த ஆளின் முதுகில் குத்தி, "எந்திரி, வெளிய போ" என்றார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கி ஏதோ சொல்ல முயன்றார். இருமல் வந்து பேச்சை அடைத்தது. இருமினதும் கூட்டம் இன்னும் வெறி கொண்டது. துடைப்பக்கட்டையால் தள்ளினார்கள். அவர் நடைமேடை விளிம்பிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். அங்கே ஒரு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நடத்துநர் வண்டியின் பக்கத்தை ஓங்கித் தட்ட, அது ஒரு கை தூரத்தில் நின்றது.

"அமைதி காக்கவும். பயணிகள் அமைதி காக்கவும்" என்றார் கணீர். அந்தக் குரலில் அமைதி என்ற வார்த்தைகூட அபாய அறிவிப்பாகத்தான் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் இன்னும் மிரண்டார்கள். ஒருவர் கல்லை எடுத்தார்.

பதிவின் சுவிட்ச் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விரல் அதன்மேல் போனது. போன விரல் அங்கேயே நின்றது. இதைப் போட்டால் அவள்தான் காப்பாற்றினாள் என்று ஆகிவிடும் என்ற நினைப்பு, அந்த நேரத்திலும், கீழே ஒரு மனிதன் மண்ணில் கிடக்கும்போதும், வந்தது. அது வந்ததை அவர் பார்த்தார். பிறகு சுவிட்சை அழுத்தி, சத்தத்தை முழுசாகத் திருப்பினார்.

"காய்ச்சல் வந்தவங்கள தனியா வைங்க. தனியா விட்டுடாதீங்க..."

மந்திரம் போட்ட மாதிரி ஒன்றும் நடந்துவிடவில்லை. கத்துகிறவர்கள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கல்லை எடுத்தவர் அதை எறியாமல் நின்றார். அந்த இடைவெளியில் நேரக்காப்பாளர் உள்ளே புகுந்து, விழுந்தவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "யாரு அடிக்கிறதுன்னாலும் மொதல்ல என்னை அடிங்க" என்றார். பிள்ளையைத் தேடிப் பிடித்திருந்த அம்மா, "நர்ஸம்மா சொல்லுது, காதுல விழலையா உங்களுக்கு?" என்று துடைப்பக்கட்டைக்காரரைப் பார்த்துக் கேட்டாள். கட்டை இறங்கியது.

விழுந்தவர் ஒரு பெயின்டர். அவருக்குப் புதுக் காய்ச்சல் இல்லை. பல வருடமாகச் சுவரைச் சுரண்டி உள்ளே போன தூசி, அந்த இருமல். பரிசோதனையில் அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

மேலாளர் கணீரைக் கூப்பிட்டு மைக் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும் வரை தொலைந்த பொருள் பிரிவில் உட்காரச் சொன்னார். கணீர் வீட்டில் இதைச் சொல்லவில்லை. வழக்கம்போலத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார். ஊர் முழுக்க ஒரே பேச்சு, நர்ஸம்மா குரல் ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டது என்று. குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் நடுவே உட்கார்ந்து அவர் அதையும் கேட்டார்.

மூடி வைக்கிற விஷயமா அது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெயின்டரப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றார். கழற்றி முடித்த பிறகும் நின்றார்.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"ஜாக்கிரத பண்ணலாம்னுதான்..."

"எங்கிட்டயா சொல்றீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்தக் கரகரப்பிலேயே கேட்டாள். 'வாயைத் திறந்து சொல்லேன்' என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கணீர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் உன் குரலையே கேக்கறாங்க" என்றார். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. இருந்தாலும் சொன்னார். "எனக்குத் தாங்கல."

அப்போது அவள் போன் அடித்தது. அவள் அதை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு, இருவருக்கும் நடுவே மேசையில் வைத்தாள்.

"நர்ஸம்மாவா?" ஒரு ஆண் குரல். அன்று மாடியில் கேட்ட குரலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சோம். தனியா வச்சோம். கதவுக்கு வெளிய நின்னு பேசினோம். கை கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சு. மூச்சு வாங்குச்சுன்னு உடனே போனும் பண்ணோம். எடுத்தாங்க. வண்டியும் வந்துச்சு. அப்புறமும் ஏம்மா அவ போயிட்டா? எல்லாம் சொன்னீங்களே, இத ஏன் சொல்லல?"

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதர் திட்டினார். பொய்காரி என்றார். பிறகு அழுதார். அழுது முடித்து, தானே வைத்துவிட்டார்.

"ரசிகர்" என்றாள் அவள்.

கணீர் போனைப் பார்த்தார். "தெனமுமா?"

"நாங்க எடுப்போம்னு சொன்னது நான்தானே. எடுக்காம எப்படி இருக்கறது? எங்க அம்மாவுக்குப் போன் பண்ணாக்கூட மொதல்ல நான் பேசறது எனக்கே கேக்குது. காத மூடிக்கிறேன். இந்தக் குரல் யாருக்கு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்ங்க. உங்களுக்கு வேணுமா? எடுத்துக்குங்க."

அவள் எழுந்து குளிக்கப் போனாள். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது அவருக்கு முதுகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் கணீர் பெயின்டரின் வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். ஒற்றை அறை. சுவரில் சதுரம் சதுரமாகப் பல நிறங்கள் அடித்துப் பார்த்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கணீர் வாசலில் நின்று, "வணக்கம்ங்க" என்றதுமே பெயின்டருக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"மைக்ல பேசினவரு" என்றார் பெயின்டர்.

"ஆமா. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டுட்டீங்கல்ல."

"வைத்தியச் செலவு, வீட்டுக்கு வேண்டியது எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன். கை சரியாகற வரைக்கும்."

பெயின்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "செய்யுங்க. ஆனா இங்க வந்து பேசாதீங்க. உங்க குரலக் கேட்டா இப்பவும் முதுகுல குத்தற மாதிரி இருக்கு" என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா வந்து பக்கத்துல உக்காந்திருந்தாங்க. யாருன்னே சொல்லல. ரெண்டு வார்த்தை பேசினாங்க, குரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன். நேத்து ராத்திரிதான் தூங்கினேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்த வாசலில் நிற்கும்போதும் கணீருக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஒரு தரம் தலையை நீட்டியது. இதற்குமா என்று தன்னைப் பார்த்தே அவருக்குக் கூசியது. அந்த நர்ஸம்மா என் வீட்டுக்காரி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பணத்தோடு மகளை அனுப்பிவைத்தார், அவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

காய்ச்சல் மெல்லத் தணிய ஆரம்பித்தது. ஆனால் குணமாகி வந்தவர்களை வேலைக்குச் சேர்க்க மறுத்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கு ஒரு புதுப் பதிவு வேண்டும் என்று அதிகாரி நர்ஸிடம் கேட்டார்.

"நான் முடியாதுன்னு சொல்லிடட்டுமா?" என்று அவள் கணீரிடம் கேட்டாள். காய்கறி நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

சொல்லிடு என்ற வார்த்தை அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உன் உடம்புக்கு ஆகாது, நீ ஓய்ந்துபோயிருக்கிறாய் என்று அதற்கு நல்ல காரணமும் இருந்தது, உண்மையான காரணமும்கூட. அவ்வளவு சுலபமாக அது வருவதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"உனக்கு என்ன தோணுது?" என்றார் கடைசியில்.

"பேசணும்னுதான் தோணுது. வேலைக்குச் சேத்துக்கலன்னு தெனம் நாலு பேர் வந்து அழறாங்க. ஆனா அப்புறம் வர்ற போனுக்குத்தான் பயமா இருக்கு."

"நீ பேசு. போன நான் எடுக்கறேன்."

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "நீங்களா? அவங்க திட்டுவாங்கங்க."

"திட்டட்டும். எனக்குப் பழகணும்."

அப்படித்தான் ஆனது. அவள் புதுப் பதிவில் பேசினாள். முதல் தடவையைவிட நன்றாக அமைந்தது என்று ஊர் சொன்னது. கணீருக்கு மைக் அறைச் சாவி திரும்பக் கிடைத்தது. ஆனால் வண்டி எண்களைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் போன் அடித்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். முதல் சில நாள் பெரும்பாடாக இருந்தது. அவர் "வணக்கம்" என்றதுமே சிலர் பயந்து வைத்துவிட்டார்கள். பிறகு மகள் சொல்லிக்கொடுத்தாள், "அப்பா, போன கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டு, எங்கிட்ட பேசற மாதிரி பேசுங்க." தள்ளி வைத்துப் பேசிப் பழகினார். பேசுவதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். நடுவில் எதையும் சொல்லாமல், உம் கொட்டிக்கொண்டு, ஒரு முழு மனிதரின் துக்கம் தீருகிற வரைக்கும் சும்மா இருக்க அவருடைய தொண்டைக்குத் தெரியவில்லை. அது கற்றுக்கொள்ள நாளானது.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் பேசினாள். அண்ணனைப் பறிகொடுத்தவள். கணீர் பொறுமையாகக் கேட்டார், உள்ளபடியே நன்றாகக் கேட்டார் என்று அவருக்கே தோன்றியது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் பேசறீங்க சார். ஆனா நர்ஸம்மா ஒரு வார்த்தை பேசுனா போதும். குடுக்கறீங்களா?" என்றாள்.

கணீருக்குச் சுருக்கென்றது. கீழே அடுப்படி சன்னலில் விளக்கு எரிந்தது. மனைவியும் மகளும் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டது. வெகுநாள் கழித்து அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ இப்பத்தாம்மா சாப்பிட உக்காந்திருக்கா" என்றார் அவர், தன்னால் முடிந்த அளவுக்குத் தணிந்த குரலில். "சாப்பிட்டு முடிச்சதும் நானே கூப்பிட்டுக் குடுக்கறேன். அதுவரைக்கும் எங்கிட்ட சொல்லுங்க. உங்க அண்ணன் எப்படி இருப்பாரு?"